காதுகுத்துக்குப் போன காரும், கேட்காத என் காதும்!

நம்ம வீட்டு வண்டி - 19



போன வாரம் பிரேக் பற்றி எழுதியிருந்தேன். நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டு அனுப்பியிருந்தீர்கள். ‘பிரேக், டயர், பேட்டரி எல்லாம் சரி... கியர்பாக்ஸைப் பற்றி ஏன் ஒரு வாரமும் எழுதவில்லை?’

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தெரியாமல் விடவில்லை. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எங்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கும் ஒரு போட்டோ ஞாபகத்துக்கு வந்துவிடும். அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இந்த வாரம் அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

கோலத்தில் விழுந்த சொட்டு

அப்பா ரிட்டயர்மென்ட் பணத்தில் ஒரு சின்ன கார் வாங்கினார். செகண்ட் ஹேண்ட்தான், மேனுவல் கியர். அவர் ஓட்டியதைவிட நான் ஓட்டியதுதான் அதிகம். சர்வீஸுக்கு விடுவது, டயர் மாற்றுவது எல்லாம் என் பொறுப்பு.

ஒருநாள் காலையில் அம்மா சொன்னார். “டேய், கார் நிக்கிற எடத்துல எண்ணெய்ப் பிசுக்கா இருக்கு. கோலம் போட்டா மாவு ஒட்ட மாட்டேங்குது.”

“பழைய வண்டின்னா ஒரு சொட்டு ரெண்டு சொட்டு விழத்தாம்மா செய்யும்” என்றேன்.

அடுத்த மாசமும் சொன்னார். சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, நாலு அடி தள்ளிக் கோலம் போட ஆரம்பித்தார். இன்ஜின் ஆயிலின் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. டேஷ்போர்டில் எந்த லைட்டும் எரியவில்லை. அதோடு நான் அந்த விஷயத்தை மறந்துவிட்டேன். இப்படியே ஆறு மாசம் ஓடியது.

தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து வந்தது. மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம் கொல்லிமலையில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் நான். தோடு, சீர்த்தட்டு, புடவை, வேட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் அம்மாவும் விடியற்காலையில் சேலத்திலிருந்து கிளம்பினோம். முகூர்த்தம் காலை 9 மணியிலிருந்து 10.30க்குள்.

ராசிபுரம் தாண்டும் வரை அஞ்சாவது கியரில் போய்க்கொண்டிருந்தோம். ‘உய்ய்ய்...’ என்று ஒரு சத்தம். வேகம் கூடினால் சத்தமும் கூடியது. நாலாவது கியருக்கு வந்தால் குறைந்தது.

“என்னடா சத்தம்?” என்றார் அப்பா.

“டயர் சத்தம்ப்பா. ரோடு அப்படி” என்றேன். பாட்டு சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

காரவள்ளி அடிவாரம் தாண்டி மலை ஏற ஆரம்பித்தோம். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் ரெண்டாவதிலிருந்து முதல் கியர், மறுபடி ரெண்டாவது. இருபத்தி சொச்சமாவது வளைவில் ‘கரகர’வென்று ஒரு சத்தம், அப்புறம் ‘டமார்’ என்று ஓர் அடி. கியர் லீவர் எந்தப் பக்கமும் அசையவில்லை. வண்டி நின்றுவிட்டது. போனில் சிக்னல் இல்லை. மணி 8.40.

பலாப்பழம் ஏற்ற மேலே போய்க்கொண்டிருந்த காலி மினி லாரி ஒன்று நின்றது. முன்னால் டிரைவரோடு ஏற்கெனவே ரெண்டு பேர். பின்னால் ஏறி நின்றுகொண்டால்தான் உண்டு. அம்மாவுக்கு முட்டி வலி, ஏற முடியாது. அவரைத் தனியாக விட்டுவிட்டு அப்பா வரமாட்டார்.

“நீ போடா. மாமன் மடிதான் முக்கியம். நாங்க பின்னாடி வர்றோம்” என்றார் அப்பா. சீர்த்தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, ரோட்டோரக் கல்லில் அம்மாவோடு உட்கார்ந்துகொண்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி 10. குழந்தையை மடியில் வைத்தேன், காது குத்தினார்கள். மச்சான் உடனே ஒரு ஜீப்பை அனுப்பினார். அது கீழே போய் அவர்களை ஏற்றிக்கொண்டு வந்தபோது எல்லாம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது.

காதுகுத்து போட்டோவில் எல்லோரும் இருக்கிறார்கள். அம்மாச்சியும் தாத்தாவும் மட்டும் இல்லை.

‘இதுக்கு லைட் எரியாது தம்பி!’

வண்டியைக் கீழே இறக்கி சேலத்தில் ஒரு பட்டறையில் விட்டோம். வயதான மெக்கானிக். கியர்பாக்ஸின் டிரெயின் போல்ட்டைக் கழற்றினார். ரெண்டு லிட்டர் ஆயில் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு டம்ளர் அளவுக்குத்தான் வந்தது. கறுப்பாக, உள்ளே ஜிகினா தூவியதுபோல் மினுமினுப்பு. எல்லாம் பல்சக்கரமும் பேரிங்கும் தேய்ந்த உலோகத் தூள்.

“ஆறு மாசமா லைட் எதுவும் எரியலையேண்ணே?” என்றேன்.

“இன்ஜின் ஆயிலுக்குத்தான் லைட் தம்பி. மேனுவல் கியர்பாக்ஸ் ஆயிலுக்கு லைட் கிடையாது, டிப்ஸ்டிக்கும் பெரும்பாலும் கிடையாது. கீழ விழுற சொட்டுதான் அதுக்கு லைட்டு” என்றார்.

அந்த லைட்டை எங்கம்மா ஆறு மாசம் முன்னாடியே பார்த்துவிட்டார். நான்தான் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். சக்கரத்துக்குப் போகும் ஆக்சில், கியர்பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் ரப்பரில் ஒரு வளையம் இருக்கும். அதுதான் ஆயில் சீல். வயதானால் ரப்பர் இறுகிக் கசிய ஆரம்பிக்கும். ஆயில் குறையக் குறைய, உயரத்தில் இருக்கும் பல்சக்கரங்களுக்கு முதலில் ஆயில் எட்டாது. பல சின்ன கார்களில் அஞ்சாவது கியர்தான் ஓரத்தில், மேலே இருக்கும். அதனால்தான் அஞ்சாவதில் மட்டும் ‘உய்ய்ய்’ சத்தம். நான் ‘டயர் சத்தம்’ என்று சொன்னது அதைத்தான்.

சீலின் விலை 280 ரூபாய். ஆயிலும் கூலியும் சேர்த்தால் 2,000 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். நான் கட்டிய பில் 38,400 ரூபாய். பணம் போனதுகூடப் பரவாயில்லை, போட்டோவை மறுபடி எடுக்க முடியாதே!

சரி, என் கதை போதும். உங்கள் வீட்டில் இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

அட்டைப்பெட்டி சோதனை

இதற்கு மெக்கானிக் வேண்டாம், காசும் வேண்டாம். மளிகை வந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, இரவு காரின் முன்பகுதிக்குக் கீழே விரித்து வையுங்கள். காலையில் எடுத்துப் பாருங்கள்.

* வெறும் தண்ணீர், நிறமும் இல்லை, பிசுக்கும் இல்லை - ஏ.சி. தண்ணீர். கவலை வேண்டாம்.
* பச்சை, பிங்க் அல்லது நீல நிறத்தில் தண்ணீர் மாதிரி - கூலன்ட் கசிவு. உடனே காட்டுங்கள்.
* பழுப்பு அல்லது கறுப்பு நிறத்தில் பிசுக்கு - பெரும்பாலும் இன்ஜின் ஆயில்.
* கெட்டியான பிசுக்கு, முகர்ந்தால் கந்தக வாடை, முன்சக்கரத்துக்கு உள்பக்கம் விழுந்திருக்கிறது - கியர் ஆயில்.
* சிவப்பு நிறப் பிசுக்கு - பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். சில கார்களில் பவர் ஸ்டீயரிங் ஆயிலாகவும் இருக்கலாம்.

மாதம் ஒருமுறை செய்தால் போதும். வீட்டில் கோலம் போடுகிறவர் சொன்னால், அந்த நிமிஷமே போய்ப் பாருங்கள்.

ஆயில் மாற்றும்போது கவனிக்க...

கியர்பாக்ஸ் ஆயிலை எப்போது மாற்றுவது என்பதற்கு உங்கள் காரோடு வந்த கையேடு சொல்வதுதான் கணக்கு. பல மேனுவல் கார்களில் 40,000 கி.மீ.யை ஒட்டி இருக்கும். செகண்ட் ஹேண்ட் வாங்கியிருந்தால், முந்தைய ஓனர் மாற்றினாரா என்று ஆராயாமல் ஒருமுறை மாற்றிவிடுங்கள். நிம்மதி.

எந்த ஆயில் என்பது ரொம்ப முக்கியம். டப்பாவில் ‘ஜி.எல்.-4’, ‘ஜி.எல்.-5’ என்று போட்டிருக்கும். 5 பெரிய நம்பர், அதனால் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. கியர்பாக்ஸுக்குள் கியர்களை உரசாமல் சேர்த்து வைக்கப் பித்தளை வளையங்கள் இருக்கும். சின்க்ரோ ரிங் என்பார்கள். ஜி.எல்.-5 ஆயிலில் அதிக அழுத்தம் தாங்குவதற்காகச் சேர்க்கும் கந்தகப் பொருட்கள் பித்தளையை அரிக்கக்கூடும். கையேட்டில் ஜி.எல்.-4 என்று இருந்தால் ஜி.எல்.-4 தான். 75-டபிள்யூ-80, 75-டபிள்யூ-90 என்கிற கெட்டித்தன்மை நம்பரையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, ஆயிலை ஊற்றும் போல்ட்டை முதலில் கழற்றச் சொல்லுங்கள். அது துருப்பிடித்து வராமல் போனால், கீழே ஆயிலை இறக்கிவிட்டு மேலே ஊற்ற வழியில்லாமல் நிற்க வேண்டியதாகிவிடும்.

இரண்டு, வண்டி சமதளமாக நிற்க வேண்டும். பல கார்களில் பக்கவாட்டு ஓட்டையின் விளிம்பு வரை ஆயில் வந்து, லேசாக வழிவதுதான் சரியான அளவு. சாய்ந்து நின்றால் அளவு தப்பிவிடும்.

மூன்று, டிரெயின் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதைப் பாருங்கள். மாவு மாதிரி மெல்லிய கறுப்புப் பசை இருந்தால் வழக்கமான தேய்மானம். துண்டு துண்டாக உலோகம் இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். சின்னச் செலவுதான்.

கியர்பாக்ஸா, கிளட்ச்சா?

‘கியர்பாக்ஸ் போச்சு சார்’ என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். கிளட்ச் கோளாறைப் பலரும் கியர்பாக்ஸ் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். நீங்களே செய்து பார்க்கக்கூடிய சில சோதனைகள் இருக்கின்றன.

*கியர் விழவே சிரமமா?* இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்திருக்கும்போது சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் எல்லா கியரும் முரண்டு பிடித்தால், சந்தேகம் கிளட்ச் மேல்தான் போக வேண்டும். கிளட்ச் கேபிள் தளர்ந்திருக்கலாம். கேபிள் இல்லாமல் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் வண்டியாக இருந்தால் ஆயில் குறைந்திருக்கலாம். சின்ன வேலை.

*ஒரே ஒரு கியரில் மட்டும் ‘கர்ர்ர்’ என்கிறதா?* மற்றதெல்லாம் சரி, ரெண்டாவது போடும்போது மட்டும் உரசுகிறது என்றால், அந்தக் கியரின் சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இதற்கு கியர்பாக்ஸைத் திறந்தே ஆக வேண்டும்.

*சத்தம் எப்போது வருகிறது?* வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிடுங்கள். கிளட்ச்சை மிதித்தால் சத்தம் வந்து, விட்டால் நின்றுபோனால் ரிலீஸ் பேரிங். மாறாக, விட்டிருக்கும்போது சத்தம் வந்து, மிதித்தால் நின்றுபோனால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங்.

*இன்ஜின் கத்துகிறது, வண்டி போகவில்லையா?* மேல் கியரில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. கருகிய வாடையும் கூடவே வரும்.

*முழுசாக ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பும்போது ‘கட கட கட’ என்கிறதா?* இது கியர்பாக்ஸே இல்லை. ஆக்சில் ஜாயின்ட். அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போயிருக்கும்.

கிளட்ச் மாற்றுவதாக முடிவானால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். எதை மாற்றினாலும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். கூலி ஒன்றுதான். பேரிங்கில் மிச்சம் பிடிக்கப் போய், ஆறு மாசத்தில் மறுபடி இறக்கினால் ரெட்டைக் கூலி. இறக்கியிருக்கும்போதே ஆயில் சீல்களையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். இது சொந்த அனுபவத்தில் சொல்வது.

பழக்கம்தான் பாதி வைத்தியம்

கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். லேசாகக் கால் பட்டிருந்தாலே ரிலீஸ் பேரிங் சும்மா சுற்றித் தேயும். இடது கால் தரையில் இருக்கட்டும்.

கியர் லீவர் கை வைக்கும் இடம் இல்லை. லீவர் மேல் கையின் பாரம் இருந்துகொண்டே இருந்தால், அது உள்ளே இருக்கும் ஃபோர்க்கை அழுத்திக்கொண்டே இருக்கும். கியர் போட்டவுடன் கை ஸ்டீயரிங்குக்குத் திரும்பிவிட வேண்டும்.

மேட்டில் நிற்கும்போது ஹாஃப் கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள். ஹேண்ட்பிரேக் அதற்காகத்தான் இருக்கிறது. ரெண்டு நிமிஷம் ஹாஃப் கிளட்ச்சில் நின்றால் கிளட்ச் பிளேட் கருகும் வாடையை நீங்களே உணரலாம்.

ரிவர்ஸ் போடுவதற்கு முன் வண்டி முழுசாக நிற்க வேண்டும். பல கார்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ ரிங் கிடையாது. உருண்டுகொண்டிருக்கும்போதே போட்டால் பல்லோடு பல் மோதும்.

மலையில் இறங்கும்போது, ஏறியபோது எந்த கியரோ அதே கியர்தான். பிரேக்கும் சூடாகாது, வண்டியும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். ஒடுங்கிய மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கே முதலில் வழி. இது மரியாதை மட்டுமல்ல, போக்குவரத்து விதியும்கூட. மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது கிளட்ச் படும் பாடு, இறங்குகிறவருக்கு இல்லை.

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு...

‘எங்களுடையது ஆட்டோமேட்டிக்’ என்று மட்டும் சொன்னால் போதாது. அதில் நாலு ஜாதி உண்டு. எது உங்களுடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

*ஏ.எம்.டி.:* 2014-ல் மாருதி செலேரியோ மூலம் இந்தியாவில் பரவலான வகை. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸும் கிளட்ச்சும்தான். நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு இயந்திரம் அந்த வேலையைச் செய்கிறது. ஆகவே கிளட்ச் பிளேட் இதிலும் தேயும். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தி வண்டியைப் பிடித்து நிறுத்தினால், அது ஹாஃப் கிளட்ச்சேதான். பிரேக்கைப் பிடியுங்கள்.

*டார்க் கன்வெர்ட்டர்:* ரெண்டு ஃபேனை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அந்தக் காற்றில் இன்னொன்றும் சுற்றும் இல்லையா? இங்கே காற்றுக்குப் பதில் ஆயில். ஆகவே ஆயில்தான் எல்லாம்.

*சி.வி.டி.:* பல்சக்கரங்களுக்குப் பதில் ரெண்டு கப்பிகளும் ஓர் உலோக பெல்ட்டும். நிதானமாக ஓட்டுகிறவர்களுக்கு ஏற்றது.

*டி.சி.டி.:* ரெண்டு கிளட்ச். ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, இன்னொன்று இரட்டைப்படைக்கு. ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் கிளட்ச் சூடாகலாம். அரை அடி இடைவெளி கிடைத்தவுடன் நகர்த்தாமல், ஒரு வண்டி நீளம் இடம் விட்டு மொத்தமாக நகர்த்துங்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஆயில் வேறு. சி.வி.டி.க்கு உரியதை டார்க் கன்வெர்ட்டரில் ஊற்றினால் தொலைந்தது. ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்று யாராவது சொன்னால், வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பார்க்கிங் செய்யும்போது நேராக ‘பி’யில் போட்டுவிட்டுக் காலை எடுப்பது பலரின் பழக்கம். அந்த ‘பி’யில் வண்டியைத் தாங்கிப் பிடிப்பது விரல் அளவு இரும்புத் துண்டு ஒன்றுதான். சரிவில் வண்டியின் மொத்த எடையும் அதன் மேல் விழும். பிரேக் மிதித்து, ‘என்’னுக்கு வந்து, ஹேண்ட்பிரேக் போட்டு, கால் பிரேக்கை விட்டுப் பார்த்து, மறுபடி மிதித்து, கடைசியாக ‘பி’. ரெண்டே நாளில் பழகிவிடும்.

வழியில் வண்டி நின்றுவிட்டால், ஆட்டோமேட்டிக் காரைக் கயிறு கட்டி இழுக்காதீர்கள். இன்ஜின் ஓடாவிட்டால் உள்ளே ஆயில் பம்ப்பும் ஓடாது. சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே வறண்டு தேயும். மொத்த வண்டியையும் தூக்கி வைத்துப் போகும் லாரியைக் கூப்பிடுங்கள்.

மழையில் நனைந்த கியர்பாக்ஸ்

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கும். சக்கரம் மூழ்கும் தண்ணீரில் வண்டி நின்றிருந்தால், எல்லோரும் இன்ஜினைத்தான் நினைப்பார்கள். கியர்பாக்ஸிலும் காற்று வந்துபோக ஒரு சின்னத் துவாரம் உண்டு. தண்ணீர் அது வழியாக உள்ளே போகலாம்.

தண்ணீர் கலந்தால் மேனுவல் கியர் ஆயில் பால் விட்ட டீ மாதிரி ஆகும். ஆட்டோமேட்டிக்கின் சிவப்பு ஆயில் அசல் ரோஸ்மில்க் மாதிரி ஆகிவிடும். ஆட்டோமேட்டிக்கில் இது இன்னும் ஆபத்து. உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளில் உராய்வுப் பொருளை ஒட்டியிருக்கும் பசையைத் தண்ணீர் கெடுத்துவிடும். ஆகவே வெள்ளத்தில் நின்ற வண்டியை ‘ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போம்’ என்று சாவி போடாதீர்கள். இன்ஜின் ஆயிலோடு கியர்பாக்ஸ் ஆயிலையும் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட்.

பெரிய பில் வந்தால் கேட்க வேண்டியவை

* ஆயில் அளவையும் நிறத்தையும் பார்த்தீர்களா? எனக்குக் காட்டுங்கள்.
* கிளட்ச் கேபிள் அல்லது ஆயில், கியர் கேபிள், இன்ஜின் மவுன்ட் இவற்றைப் பார்த்தீர்களா?
* ஆட்டோமேட்டிக் என்றால், பேட்டரி வோல்டேஜ் பார்த்தீர்களா? ஸ்கேனரில் என்ன கோட் வந்தது? பேட்டரி பலவீனமானாலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கோளாறு காட்டுவதுண்டு.
* எந்தெந்தப் பாகம் மாறுகிறது, பாகத்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு? எழுதிக் கொடுங்கள்.
* கழற்றிய பழைய பாகங்களை என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். லட்சத்தைத் தொடும் பில் என்றால், வேறொரு பட்டறையிலும் ஒருமுறை காட்டிக் கேட்பதில் தப்பே இல்லை.

வாசகர் கேள்விகள்

*மலையில் இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்கிறார் என் கணவர். உண்மையா? - ஊட்டி வாசகி*

கார்புரேட்டர் காலத்துப் பேச்சு அது. இன்றைய கார்களில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால், கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகும். பிரேக்கும் சூடாகும். மிச்சமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. கணவரிடம் இதைக் காட்டுங்கள்!

*எங்கள் ஆட்டோமேட்டிக் காரில் ‘லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்’ என்கிறார்கள். நம்பலாமா? - திருச்சி வாசகர்*

எந்த லைஃப் என்பதுதான் கேள்வி. சூட்டிலும் டிராஃபிக்கிலும் ஓடும் எந்த ஆயிலும் பழசாகும். கையேட்டில் ‘கடுமையான பயன்பாடு’ என்று தனியாக ஒரு பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். நம்மூர் வெயில், நெரிசல், மலைப்பாதை எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். வாரன்டி முடியும்வரை கம்பெனி சொல்வதைக் கேளுங்கள். அதன்பின் நீண்ட நாள் வைத்திருப்பதாக இருந்தால், உரிய ஆயிலைத் தேடி மாற்றுவது நல்லது.

*மகள் டிரைவிங் கற்றுக்கொள்கிறாள். என் காரில் பழகினால் கிளட்ச் போய்விடுமா? - மதுரை வாசகர்*

கொஞ்சம் தேயத்தான் செய்யும். தேயட்டும் சார். சமதளத்தில், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், கிளட்ச்சை மட்டும் மெதுவாக விட்டு வண்டியை நகர்த்தப் பழக்குங்கள். அது பழகிவிட்டால் பாதி டிரைவிங் வந்துவிட்டது.

கடைசியாக...

அந்தக் கார் ரெண்டு வாரம் பட்டறையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தது. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. “வண்டின்னா அப்படித்தான் இருக்கும்” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அம்மாவிடம் மட்டும் ஒன்று சொன்னேன். “இனிமே சொட்டு விழுந்தா சொல்லும்மா. உடனே பார்க்கறேன்.”

“நான் அப்பவும் சொல்லத்தானடா செஞ்சேன்” என்றார்.

இப்போது வேறு கார். ஆனாலும் தினமும் காலையில் கோலம் போட்டு முடித்ததும், கோலப்பொடி டப்பாவோடு குனிந்து காருக்கடியில் ஒரு பார்வை பார்ப்பார். “இன்னிக்கு ஒண்ணும் இல்ல” என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டுத்தான் காபி குடிக்கப் போவார்.

நாளைக் காலையில் உங்கள் காருக்கடியிலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

*அடுத்த வாரம்: கோடை வருகிறது... கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா?*